பூஜை போட்ட இன்ஜின்

டொக்கு. இதோ, மறுபடியும். டொக்கு. இது இன்ஜின் சத்தம் இல்ல. இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியாதா, வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அத்தக் கேட்டுத்தான எனக்குப் பொழுது விடியுது. இது அதுக்கும் கீழ இருந்து வருது. படகோட பின்பலகைல இன்ஜினக் கவ்விப் புடிச்சிக்கினு இருக்குதே அந்தப் பிடி, அங்க இருந்து. அலை மேல படகு ஏறுனா ஒரு டொக்கு, எறங்குனா ஒரு டொக்கு. கீலு போன கதவு காத்துல ஆடற மாதிரி. அந்தக் கதவோரமாத்தான் எம் பொண்ணு வினோதினி உக்காந்துக்கினு இருக்கறா. ஏழு மாசம், வளைகாப்பு முடிச்சி எங்க ஊட்டுக்கு அழைச்சிக்கினு வர்றோம். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலு, கன்னத்துல காய்ஞ்ச சந்தனம், வயித்து மேல கையக் கோத்துக்கினு, இன்ஜினுக்கு முதுகக் காட்டிக்கினு, தூக்கத்துக்குத் தலைய சாய்ச்சிக்கினு. அவ தலைக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு முழம் இருக்குமா? இருக்காது. அவளுக்குப் பக்கத்துல ஓரமா குந்திக்கினு கைப்பிடிய முறுக்கிக்கினு வர்றாரு அவங்க நைனா, எங்க ஊட்டுக்காரரு, காதுல சத்தமே ஏறாத மாதிரி ஏரியப் பாத்துக்கினு. பேரச் சொல்லக் கூடாதாம் புருசன் பேர. நான் மனசுக்குள்ள சொல்லிக்கினுதான் வர்றேன், துலுக்காணம், துலுக்காணம், யோவ் துலுக்காணம், ஒனக்கு அந்தச் சத்தம் கேக்குதா கேக்கலியா? கேக்குது. கேக்காம எங்க போவும். அந்தச் சத்தம் வர்றப்பல்லாம் இந்த ஆளு தொண்டையக் கனைச்சிக்கறாரு, அத நான் கவனிக்காம இல்ல.

நேத்து ஆயுத பூஜை. காலைல இருந்து இன்ஜினுக்குக் குளியலு என்னா, சோப்பு என்னா, எம் புள்ளைங்கள நான் அப்படிக் குளிப்பாட்டி இருக்க மாட்டேன். அப்புறம் நீலப் பெயிண்டு டப்பாவ எடுத்து வெச்சிக்கினு, பிடி மேல, போல்ட்டு மேல, கைத்திருகு மேல, எல்லாத்துமேலயும் ஒரே பூச்சு. துரு மேலயே. நான் கூடைய எறக்கி வெச்சிட்டு நின்னு பாத்தேன். செதில் செதிலா எழும்பி நிக்குது துரு, அத்த சொரண்டக்கூட இல்ல, அது மேலயே பிரஷ்ஷ வெச்சி அழுத்தறாரு. யோவ், அந்த ரெண்டு போல்ட்டையும் கழட்டி மாத்திட்டு அடிக்கலாம்லன்னு கேட்டேன். நல்லாத்தான கேட்டேன்? அதுக்கு இந்த ஆளு, பூஜையும் அதுவுமா போல்ட்டக் கழட்டுவாங்களாடி, ஸ்பேனரெல்லாம் சாமிகிட்ட போயிடுச்சின்றாரு. ஆமா போயிடுச்சி. ஸ்பேனரு, கொறடு, வலை அறுக்கற கத்தி, எங்க ஊட்டு அருவாமனை, எல்லாம் கழுவி, குங்குமம் வெச்சி, பொரியும் கடலையும் முன்னாடி வரிசையா படுத்துக்கினு இருக்குதுங்க. மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். இன்னிக்கு விஜயதசமி, சாயங்காலம் வந்து போட்டுக்கலாம், இப்போ பொண்ணுக்கு வளைகாப்பு, நல்ல நேரத்துக்குப் போய்ச் சேரணும்னு இருட்டோட கெளம்பியாச்சி. ஆக, ஸ்பேனரு ஊட்டுல சாமி கும்பிட்டுக்கினு இருக்குது. அதே பூஜையில பொட்டு வெச்ச இன்ஜினு இங்க ஏரியில ஓடிக்கினு இருக்குது. அதுக்கு மட்டும் ஓய்வு கெடையாதா? பூஜை போட்ட இன்ஜின ஓட்டலாமாம், போல்ட்ட முடுக்கத்தான் கூடாதாம். எந்த சாமிய்யா சொன்னுச்சி இத்த? அந்த சாமியக் கூப்புடு, நான் கேக்கறேன்.

அதுல இன்னொண்ணு. இன்ஜின் கழுத்துல இருந்து படகு வளையத்துக்கு ஒரு நைலான் கயிறு கட்டி இருக்கும் எப்பவும். பிடி நழுவுனாலும் இன்ஜின் முழுவாது, கயித்துல தொங்கும். கழுவறதுக்கு அவுத்தாரு. அழுக்கு, கிரீஸு, நாத்தம், சம்பந்தி ஊட்டுக்கு இத்தக் கட்டிக்கினு போனா இன்னா நெனைப்பாங்கன்னு அத்த மூலைல எறிஞ்சிட்டாரு. கயிறு இருந்த எடத்துல இப்போ சாமந்தி மாலை. நெனைச்சி நெனைச்சி எனக்கு வயிறு எரியுது. படகு கட்டற கையி, முடிச்சு போட்டா ஊரே அவுக்க முடியாத கையி, அந்தக் கையி சாமந்திய நம்புது. அங்க போனா சம்பந்தி கரையிலயே நின்னுக்கினு, இன்ஜின் புதுசா வாங்கினீங்களான்றாரு. இந்த ஆளு மீசைய நீவிக்கினு, பழசுதான் சம்பந்தி, வெச்சிக்கற விதத்துல இருக்குதுன்றாரு. வெச்சிக்கற விதம்! நான் சாதக் குண்டானத் தூக்கிக்கினு பக்கத்துல நிக்கறேன், வாயத் தொறந்தா நல்ல காரியத்துல அபசகுனம். போறப்பவும் இந்தச் சத்தம் இருந்துச்சி, ஆனா மெல்ல, கடுகு பொரியற மாதிரி, நான்தான் கொமட்டிக்கினு வருதுன்னு முன்பக்கம் போய் உக்காந்துட்டேன். வரும்போது வளந்து போச்சி. கெளம்பறப்ப கேட்டேன், ஒரு ஸ்பேனரு வாங்கி ஒருக்கா முடுக்கிட்டு வாய்யான்னு, காதோரமா, யாருக்கும் கேக்காம. பொண்ண அனுப்பற ஊட்டுல ஸ்பேனரு கேப்பாங்களா, அவங்க ஸ்பேனரும் பூஜைலதான் இருக்கும், வாய மூடிக்கினு ஏறு, ராகு காலத்துக்கு முன்ன ஊடு சேரணும்னுட்டாரு. அதனாலதான் இந்த முறுக்கு முறுக்கறாரு கைப்பிடிய. மெதுவா போனாலாவது பிடிக்கு ஆட்டம் கொறையும். மெதுவா போனா ராகு வந்துடுவாரு. டொக்கு.

கழண்டுடும்னு வாயால சொல்லக் கூடாது. அதுவும் மாசமா இருக்கற பொண்ண வெச்சிக்கினு, நட்ட நடு ஏரியில. எங்க மாமியா இருந்திருந்தா வாயில அடிச்சிக்கோன்னு சொல்லி இருப்பா. நல்லத நெனை, நல்லத பேசு. நானும் நல்லதத்தான் நெனைக்கப் பாக்கறேன், முடியல, கண்ண மூடுனா நாகூரான் தொடைதான் வருது. எங்க தெருக் கோடி ஊட்டு நாகூரான். போன வருசம், இதே முகத்துவாரத்துல, இதே மாதிரி பழைய இன்ஜினு. அடிப்பக்கம் மணல் மேட்டுல இடிச்சிச்சி, ஒரு பக்கத்துப் பிடி வுட்டுப்போச்சி, இன்ஜின் எகிறி, ஓடிக்கினே, ஓடிக்கினே படகுக்குள்ள வந்து வுழுந்துச்சி. தண்ணிக்கு அடியில சுத்த வேண்டிய விசிறி அவன் மடியில சுத்துச்சி. கரைக்குக் கொண்டாந்து போட்டாங்க, நான் மீன் கூடையோட நின்னுக்கினு இருந்தேன், முந்தானையக் கிழிச்சி நான்தான் கட்டுனேன், கட்டக் கட்ட ஊறுது. பொழைச்சான். காலு போச்சி. அப்புறம் ஊரு கூடிப் பேசுச்சி பாரு, அங்கதான் எனக்கு ஆத்தரமே. அவனுக்கு கெரகம் சரியில்லையாம். பொண்டாட்டி வெள்ளிக்கெழமை தலைக்கு ஊத்திக்கலியாம். அம்மனுக்குக் கெடா வெட்டுனாங்க. ஒரு ஆம்பள, ஒரே ஒரு ஆம்பள, அந்த போல்ட்டு எங்க, அத்தக் கொண்டா பாக்கலாம்னு கேட்டானா? இந்த ஆளும் அந்தக் கூட்டத்துல உக்காந்து கறி துன்னுட்டு வந்தாரு. ஊட்டுக்கு வந்து, பாவம் நாகூரான், விதின்னாரு. விதியாம். விதிக்குத் துரு புடிக்குமா?

கண்ணத் தொறந்துக்கறேன். வினோதினி கழுத்துல வேர்வை. காத்துல அவ மயிரு பறந்து இன்ஜின் மூடி மேல படுது. இன்னா பண்ணுவேன். முன்பக்கம் கொழுந்தனாரு பாளையம் குண்டான்களுக்குக் காவலா படுத்துட்டான், பெரிய அண்டா மேல காலப் போட்டுக்கினு. அவனும் ஆம்பளதான், அவனுக்கும் கேக்கல. நான் குனிஞ்சி பாக்கறேன். பெயிண்டு வெடிச்சிருக்குது. நேத்து பூசுன நீலம், போல்ட்டு தலையச் சுத்தி வட்டமா வெடிச்சி, அந்த வெடிப்புல இருந்து செவப்பா தண்ணி கசியுது, வெத்தல எச்சி மாதிரி. அலை ஏறறப்போ போல்ட்டு தலை பலகைய வுட்டு எழும்புது, எறங்கறப்போ ஒக்காருது. எழும்புது, ஒக்காருது. அப்போ உள்ள மரமும் போச்சா? மேல ஃபைபர் பளபளன்னு இருக்குது, உள்ள மரம் ஊறிப்போய் சொதசொதன்னு கெடக்குதா? கெடக்கும். மழைக்காலம் பூரா தண்ணி நின்ன படகுதான இது. அந்தப் பக்கத்து போல்ட்டு எனக்குத் தெரியல, எம் பொண்ணு முதுகு மறைக்குது.

"வினோ, முன்னாடி வந்துடும்மா, அம்மா பக்கத்துல."

"முன்னாடி தூக்கித் தூக்கிப் போடுதும்மா. இங்கதான் ஆட்டம் இல்ல. முதுகு வலி உயிர் போவுது, வுடேன்."

"வந்துடு கண்ணு."

"உக்காரும்மா நீ. இவ கெடக்கறா. நைனா இருக்கேன்ல," அப்படின்றாரு இந்த ஆளு.

நைனா இருக்காரு. சரி. போல்ட்டு இருக்குதா? இத்த நான் சொல்லல, பல்லக் கடிச்சிக்கினேன். அவளும் சிரிச்சிக்கினே திரும்பவும் சாஞ்சிக்கினா, அப்பன் மேல அவ்ளோ நம்பிக்கை. சின்னதுல இருந்தே அப்படித்தான். தோள் மேல ஏத்திக்கினு கழுத்தளவு தண்ணியில நடப்பாரு, அது கெக்கெக்கேன்னு சிரிக்கும், நான் கரையில நின்னு கத்துவேன், கத்தறவ கெட்டவ. தூக்கிக்கினு போறவரு நல்லவரு. எம் பொண்ணு மேல எனக்குக் கோவம் வருது, அதுகூட நியாயம் இல்ல, வருது. அவளுக்கு எப்படித் தெரியும், கட்டுன ஊட்டுல அவ பட்ட பாட்டுக்கு நடுவுல தாய் ஊட்டுப் படகுல ஏறி உக்காந்தா நிம்மதின்னு இருக்கறா. தாய் ஊடு. வயித்துல இருக்கறதுக்குக் கேக்குமாமே வெளிச் சத்தமெல்லாம், வளையல் போடறதே அதுக்குத்தானாம், கொழந்தை சத்தம் கேட்டு சந்தோசப்படணும்னு. இப்போ அது இன்னா கேக்குது? வளையல் சத்தத்துக்கு நடுவுல டொக்கு டொக்குன்னு இத்தத்தான கேக்குது. எம் பேரப்புள்ள இந்த உலகத்தப் பத்திக் கேக்கற மொத சேதி, தாத்தா போல்ட்டு மாத்தலன்றது.

தண்ணி நெறம் மாறுது. இது வரைக்கும் செம்மண் கலங்கல், கழி ஊணுனா தரை தட்டும், இன்ஜின் நின்னாலும் தள்ளிக்கினு போயிடலாம். அதோ அங்க கருப்பா ஒரு பட்டை தெரியுது பாரு, அதுதான் வாய்க்கால். முகத்துவாரத்துக்கு நேரா கடல் உள்ள வந்து போற பாதை. அங்க கழி எட்டாது. இப்போ வேற வடியற நேரம், ஏரித் தண்ணியெல்லாம் கடலுக்கு ஓடிக்கினு இருக்கும், அதுல மாட்டுனா கடல்தான். குறுக்க வெட்டித் தாண்டணும், அதுக்கு இன்ஜின இன்னும் முறுக்குவாரு. முறுக்க முறுக்கப் பிடி ஆடும். வாய்க்கால் ஓரத்துல மணல் மேடு இருக்குது, அதுல விசிறி தட்டும், எப்பவும் தட்டும், எல்லாப் படகுக்கும் தட்டும், தட்டுனா இன்ஜின் எகிறும், எகிறுனா அத்த அந்தப் பிடிதான் தாங்கணும். கத்தவா? கத்துனா, வாயப் பாரு நல்ல நாள்லன்னுவாரு, முறுக்குவாரு. பாளையத்த எழுப்பவா? அவன் எழுந்து கண்ணக் கசக்கி, இன்னா அண்ணின்னு கேட்டு, அண்ணன் மூஞ்சியப் பாத்து, ஒண்ணும் ஆவாது அண்ணின்னுவான். எத்தினி ஒண்ணும் ஆவாது கேட்டாச்சி இந்தக் காதால. நாகூரான் பொண்டாட்டியும் கேட்டிருப்பா. டொக்கு இல்ல இப்போ, டொடொக்கு, ரெண்டா வருது. அந்தப் பக்கமும் வுட்டுப்போச்சா? கருப்புப் பட்டை கிட்ட வந்துடுச்சி. இவரு கையி முறுக்கப் போவுது, தோள்பட்டை ஏறுது, எனக்குத் தெரியும் அந்தத் தோளு.

எங்காலுகிட்ட எண்ணெய் டேங்கு. அதுல இருந்து கருப்பு ரப்பர் குழாய் ஒண்ணு போவுது இன்ஜினுக்கு. குனிஞ்சேன். புடிச்சி இழுத்தேன். வரல. நல்ல பொடவ, பட்டு, போவுதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சி பாரு, அந்த நேரத்துலயும், சீன்னு போச்சி. கால டேங்கு மேல வெச்சி ஒரே இழுப்பு. பிச்சிக்கினு வந்துச்சி, எண்ணெய் மூஞ்சியெல்லாம் தெறிச்சிச்சி. ஆனா இன்ஜின் நிக்கல. குழாயில மிச்சம் இருக்கறத குடிச்சிக்கினு ஓடுது அது. இந்த ஆளு திரும்பிப் பாக்கறாரு, இன்னாடி பண்ணன்றாரு, நான் பதில் சொல்ற நேரமா அது, வினோதினி ரெண்டு கையையும் வளையலோட சேத்துப் புடிச்சி இழுத்தேன். வளையல் ஒடைஞ்சிச்சி. ஒடையட்டும். அய்யோ வளையலும்மான்னு கத்துனா, வாடீன்னேன், பொண்ண டீ போட்டு எத்தினி வருசம் ஆச்சி, வாடீ இங்க, வயித்தப் புடிச்சிக்கினு தட்டுத் தடுமாறி வந்து எம் மேலயே வுழுந்தா. எங்கையில ரத்தம், அவ கையிலயும். அப்புறம்தான் இன்ஜின் இருமிச்சி. இருமி, தூக்கிப் போட்டு, நின்னுச்சி.

எவ்ளோ சத்தம் இருந்திருக்குதுன்னு நின்னாதான் தெரியுது. தண்ணி சளக் சளக்குன்னு படகத் தட்டுது. பாளையம் எழுந்து, இன்னா அண்ணி, இன்னா ஆச்சின்றான். இந்த ஆளுக்கு மூஞ்சி கருத்துப் போச்சி. பைத்தியமா புடிச்சிருக்குது ஒனக்கு, வாய்க்கால் வாயில வந்து இன்ஜின நிறுத்தறியே, மாசக்காரியக் கடல்லயாடி கொண்டு போய் வுடப் பாக்கற, வளையல ஒடைச்சிட்டியேடி பாவி, நல்ல நாளும் அதுவுமா! கத்திக்கினே குழாய எங்காலுகிட்ட இருந்து எடுத்து டேங்குல சொருவுனாரு. ஆட்டுனாரு, அமுக்குனாரு. நானும் கத்துனேன், இன்னிக்கு மொத தடவையா எல்லாருக்கும் கேக்கற மாதிரி, போல்ட்டப் பாருய்யா, பெயிண்டு வெடிச்சிருக்குது பாருய்யா, ஒரு தடவ குனிஞ்சி பாருய்யான்னேன். குனியல. குனிஞ்சா கொறைஞ்சிடுவாரு. பின்பலகைல ஒரு கால ஊணிக்கினு, இன்ஜின் தலையில இருக்கற இழுகயித்தப் புடிச்சி, கோவத்தையெல்லாம் சேத்து இழுத்தாரு ஒரு இழுப்பு.

இன்ஜின் வந்துடுச்சி. ஓட ஆரம்பிக்கல, வந்துடுச்சி. பலகையில இருந்து சொத்துன்னு ஒரு சத்தம், அழுகுன மரம் பேந்து வர்ற சத்தம், பிடியோட, போல்ட்டோட, நீலப் பெயிண்டோட மொத்தமா படகுக்குள்ள சாஞ்சிச்சி. அவரு மல்லாக்க வுழுந்து ஓரமா உருண்டாரு. இன்ஜின் தலை போய் வினோதினி உக்காந்திருந்த குறுக்குப் பலகைல இடிச்சி, பலகை ரெண்டா ஒடைஞ்சி, வாலு மேல எகிறி வந்து, விசிறி நேரா அவ சாஞ்சிக்கினு இருந்த எடத்துல வந்து நின்னுச்சி. சுத்தல. நின்னுக்கினு இருந்துச்சி, மூணு எதழு, பாசி புடிச்சி, சொட்டு சொட்டா தண்ணி வடிஞ்சிக்கினு. வினோதினி எம் முந்தானையக் கொத்தா புடிச்சிருக்கறா, அவ வயிறு எம் வயித்துல படுது, உள்ள ஒண்ணு ஒதைக்குது, எனக்கே தெரியுது, நல்லா ஒதைக்குது. எனக்கு அழுகை வந்துச்சி. ஆத்தரத்துலதான் வந்துச்சி.

இவரு எழுந்து உக்காந்தாரு. முழங்கை செராய்ச்சிருந்துச்சி. விசிறியப் பாத்தாரு, ஒடைஞ்ச பலகையப் பாத்தாரு, பொண்ணப் பாத்தாரு. வாயத் தொறந்தாரு. சரி, இப்பவாவது சொல்லுவாரு, தப்புதான் தேசம்மான்னு ஒரு வார்த்தை, நான் அதுக்குமேல கேக்க மாட்டேன், ஒரு வார்த்தை போதும்னு பாத்துக்கினே இருக்கறேன். கையக் கூப்புனாரு. எனக்கில்ல. மேல பாத்து. நேத்து பூஜை போட்டமே, அதுதான் காப்பாத்துச்சின்னாரு. பூஜை மட்டும் போடாம வந்திருந்தா, நெனைச்சிப் பாருடா பாளையம்! அவனும் ஆமா அண்ணேன்னு கன்னத்துல போட்டுக்கறான். எண்ணெய் ஊறுன பட்டுப் பொடவையோட, கையில ரத்தத்தோட, பொண்ண அணைச்சிக்கினு நான் ஒருத்தி உக்காந்துக்கினு இருக்கறேன் எதுக்க. காப்பாத்துனது சாமியாம்.

அதோட வுட்டாரா? சட்டைய ஒதறிக்கினு, பாளையம், ஒரு கை குடு, தூக்கி மாட்டிடலாம், நங்கூரக் கயித்த வெச்சி சுத்தி இறுக்கிட்டா அஞ்சு நிமிசத்துல வாய்க்காலத் தாண்டிடலாம்னு இன்ஜின் கழுத்துல கைய வெக்கறாரு. பாளையம் எழுந்துட்டான். எனக்கு என்னா ஆச்சின்னு தெரியல, வினோதினிய முன்பலகைல உக்கார வெச்சேன், எழுந்தேன், ரெண்டு எட்டு வெச்சேன், இன்ஜின் மேல உக்காந்துட்டேன். அது மூடி மேல, நடுவுல, சம்மணம் போட்டு.

"எழுந்திரிடி."

"மாட்டேன்."

"தேசம்மா, வெளையாடாத. தண்ணி இழுக்குது. வாய்க்காலுக்குள்ள போயிட்டா வம்பு."

"போவறதுக்குள்ள கழிய ஊணு. மேட்டோரமா சுத்திக்கினு தள்ளு."

"சுத்துனா பொழுது சாஞ்சிடும்டி! ஊரே கரையில நின்னு பாக்கும், இன்ஜின் வெச்சிக்கினு கழி போட்டு வர்றான்னு சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்."

பொண்ணப் பாத்தாரு. அவருக்கு இன்னும் அந்த நம்பிக்கை இருந்துச்சி, அது முறைக்காது, அது நைனா பொண்ணு. "நீ சொல்லும்மா ஒங்கம்மாவுக்கு. நைனா இறுக்கிக் கட்டிட்டா ஒண்ணும் ஆவாதும்மா."

வினோதினி ஒடைஞ்ச பலகையத்தான் பாத்துக்கினு இருந்தா. தலைய நிமித்தல. கையில மிச்சம் இருந்த வளையலுங்கள ஒவ்வொண்ணா மேல தள்ளி விட்டுக்கினு, அவ்ளோ சின்னக் குரல்ல, "கழிய எடு நைனா" அப்படின்னா.

எடுத்தாரு. பாளையம் முன்னாடி, இவரு பின்னாடி, வெத்துப் பலகை ஓரமா நின்னுக்கினு, எங்கூடப் பேசாம, ஊணி ஊணித் தள்றாரு. படகு மெல்லத் திரும்புது. நான் உக்காந்துக்கினு இருக்கறேன். இன்ஜின் சூடு இன்னும் ஆறல, பட்டுப் பொடவையத் தாண்டி தொடையில சுடுது. சுடட்டும். ஊடு வர்ற வரைக்கும் நான் எழுந்திரிக்கறதா இல்ல.